மாப்பிள்ளை மோதிரத்தின் எடை

திருவனந்தபுரத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுக்கப் போனால் கடையில் முதலில் விரல் அளவைக் கேட்கமாட்டார்கள். "எத்ர பவன்?" என்பார்கள். கேட்பவர் மேல் குற்றமில்லை. எம்.ஜி. ரோட்டின் குளிரூட்டிய நகைமாளிகைக்குப் போனாலும் சரி, சாலைக் கம்போளத்தின் குறுகிய கடைக்குப் போனாலும் சரி, வாங்க வருகிறவர்கள் அந்தக் கேள்விக்கான பதிலை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். பெண்ணுக்கு இத்தனை, மாப்பிள்ளைக்குச் சங்கிலி இத்தனை, மோதிரம் ஒரு பவன் என்று பேசி முடிந்திருக்கும். பவன் என்றால் 8 கிராம். அந்த 8 கிராமைப் போட்டுக்கொள்ளப் போகும் விரல் நாள் முழுவதும் என்ன வேலை செய்யும், மோதிரம் அதில் எத்தனை வருஷம் தங்கும் என்ற பேச்சே எழுவதில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று என்னால் தள்ள முடியவில்லை. கல்யாணமான பெண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கழுத்தில் தாலி, காலில் மெட்டி, வகிட்டில் குங்குமம் என்று மூன்று இடத்தில் எழுதிவைத்திருக்கிறோம். கணவன் இறந்தால் அவற்றை எல்லாம் அழிக்கவும் ஒரு சடங்கு வைத்திருந்தோம். ஆணுக்கு இப்படி ஒன்றும் கிடையாது. அவன் திருமணமானவன் என்று ஊருக்குச் சொல்ல அவன் உடம்பில் இருக்கக்கூடிய ஒரே பொருள் அந்த மோதிரம். அதையும் சீர்வரிசைக் கணக்கில் ஒரு வரியாக்கி, பெண்ணைப் பெற்றவர் தலையில் ஏற்றிவிட்டோம்.

நம் பழைய கதைகளில் மோதிரம் ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போகிறது. இராமன் தன் கணையாழியை அனுமன் கையில் கொடுத்து அனுப்புகிறான். அதில் பொறித்திருப்பது இராமன் பெயர் என்கிறார் வான்மீகி. துஷ்யந்தன் சகுந்தலைக்கு அணிவித்த மோதிரத்திலும் அவன் பெயர்தான். அரசன் அவளை மறக்கிறான், மோதிரம் ஆற்றில் விழுகிறது, மீன் வயிற்றிலிருந்து அது கிடைத்த பிறகு நினைவு திரும்புகிறது. திருவனந்தபுரத்துக்குச் சற்று வடக்கே கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா சகுந்தலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். மறந்தவன் ஒருவன், அந்த மறதிக்கு அரசவையில் தலைகுனிந்து நின்றவள் இன்னொருத்தி. ஆண் பெயர் பொறித்த பொருளைத் தொலைக்காமல் காப்பது பெண்ணின் பொறுப்பு என்று அந்தக் கதை வைத்திருந்தது.

கேரளத்தில் இன்று நடப்பது இதற்கு நேர் எதிரானது. இங்கே இந்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதோடு மோதிரம் மாற்றிக்கொள்வதும் உண்டு. கிறிஸ்தவர்களிடமும் இரண்டு மோதிரம். அதில் பெரும்பாலும் பெண்ணின் மோதிரத்தில் ஆண் பெயரும் ஆணின் மோதிரத்தில் பெண் பெயரும் பொறிக்கிறார்கள். கணவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று 'அவங்க', 'இவங்க' என்றே காலத்தை ஓட்டிய பாட்டிமார் வயிற்றில் வந்தவர்கள் நாம். ஒரு ஆண் தன் மனைவியின் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பது எனக்குப் பெரிய காரியமாகத்தான் படுகிறது. நகைக்கடை விளம்பரங்கள் கொண்டுவந்த வழக்கமாகவே இருக்கட்டும், வரவேற்கிறேன்.

ஆணுக்கும் மோதிரம் என்பது நாம் நினைக்கிறபடி மேல்நாட்டிலிருந்து அப்படியே வந்த பழக்கமல்ல. மேல்நாட்டிலேயே அது புதுசு. ஆங்கிலத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு வழிபாட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு மோதிரம்தான். மணமகன் மணமகளுக்குப் போடுவது. ரோமன் கத்தோலிக்கச் சபையின் 1614-ஆம் ஆண்டுச் சடங்கு நூலிலும் பெண்ணின் மோதிரத்துக்கு மட்டுமே ஆசீர்வாதம். அமெரிக்காவிலும் ஆண்கள் பரவலாகக் கல்யாண மோதிரம் போடத் தொடங்கியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். எலிசபெத் மகாராணியின் கணவர் பிலிப் கடைசிவரை அதைப் போடவில்லை. ஆனால் கேரளத்துச் சுரியானி மரபில் ஆணின் மோதிரம் பழையது. மேற்குச் சுரியானி முறைப்படி நடக்கும் கல்யாணத்தில் முதல் பாதி மோதிரம் வாழ்த்தல், இரண்டாம் பாதி முடி சூட்டல். திருவனந்தபுரம் பட்டத்தில் இருக்கும் மலங்கரை கத்தோலிக்கப் பேராலயத்தில் இன்றும் அந்த முறைதான். இரண்டு மோதிரத்தையும் குருவானவர் ஒன்றாக ஆசீர்வதிக்கிறார். அதற்குப் பிறகுதான் மந்திரகோடி என்னும் மணப்புடவையிலிருந்து உருவிய நூலில் கோத்த மின்னு என்னும் தாலியை மணமகன் கட்டுகிறான்.

முஸ்லிம் வீடுகளில் ஆண் தங்கம் அணிவதில்லை, மார்க்கம் தடுத்திருக்கிறது. வெள்ளிக்குத் தடையில்லை. இப்போது பிளாட்டினமும் வாங்குகிறார்கள். வெள்ளைத் தங்கம் என்று கடையில் காட்டுவதும் தங்கத்தில் வேறு உலோகம் கலந்ததுதான் என்பதைக் கவனித்து வாங்கவேண்டும். நிக்காஹில் மஹர் ஆண் பெண்ணுக்குக் கொடுப்பது, பல சமயம் பொன்னாகவே கொடுப்பது. மார்க்கம் சொன்ன திசை அதுவாக இருக்க, நடைமுறையில் பொன் எதிர்த்திசையிலும் போகிறது என்பதை அந்தச் சமூகத்துப் பெரியவர்களே மேடையில் சொல்லி வருந்துகிறார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இதே ஊர் நாயர் தறவாடுகளில் ஆண் ஒரு புடவையைக் கொடுத்தால் சம்பந்தம் என்ற கல்யாண உறவு ஆகிவிட்டது. பொன் பேச்சு இல்லை. அந்த முறையில் பெண்ணுக்கு இருந்த சுதந்திரம் எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்பது தனி விவாதம். ஆனால் பவன் கணக்கு 'ஆதிகாலம் தொட்டு வரும் ஆசாரம்' என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை. இந்த நகரத்தின் விளிம்பில் செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீநாராயண குரு, கல்யாணத்துக்குப் பத்துப் பேர் போதும், ஆடம்பரம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவர் படத்துக்கு இன்று விளக்கேற்றாத மண்டபம் குறைவு. அந்த மண்டபங்களில் உட்காரும் கூட்டத்துக்கு, அவர் சொன்ன பத்தைப் பத்தால் பெருக்கி, மறுபடியும் பத்தால் பெருக்கினாலும் போதாது.

என் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை மோதிரத்தைத் தன் சம்பளத்தில் எடுக்க வேண்டும், அப்பா பணம் வேண்டாம் என்றாள். சாலைக் கம்போளத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தட்டாசாரி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா காலத்தில் நாகர்கோவில் வடசேரியிலிருந்து வந்த குடும்பம். நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யத்தில் இருந்த காலம் அது. பட்டறையில் ஊதுகுழலும் சாமணமும் இன்னும் இருக்கின்றன. வேலைதான் குறைந்துவிட்டது.

அவர் பவனைக் கேட்கவில்லை. "மக்களே, பையனுக்கு என்ன வேலை?" என்றார்.

"கரண்ட் ஆபீஸ்ல, தாத்தா. லைன்ல ஏறுவாரு."

"அப்பம் கல்லும் வேண்டாம், கனமும் வேண்டாம். வேலைக்குப் போகும்போ கழத்தி வச்சிட்டுப் போணும். கழத்த எளுப்பமா இருக்கணும். ராத்திரி வந்து போட்டுக்கிடட்டும்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அவர் விரலை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கிழவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நூலுக்கு மோதிரம் செய்யலாம் மக்களே. விரலுக்கு வேணும்னா விரல் வரணும். அண்ணாச்சி, நாளைக்குச் சாயந்தரம் பையனக் கூட்டிட்டு வாங்க. காலம்பற வேண்டாம்."

மறுநாள் மாலை மாப்பிள்ளை வந்தார். வேலை செய்து காய்த்துப்போன கை. ஆசாரி அளவு வளையக் கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஆண்கள் விரலில் அடிப்பகுதியைவிட முட்டி தடித்திருக்கும். முட்டியைத் தாண்டும் வளையம் அடியில் சுழலும். அடியில் கச்சிதமாக நிற்பது முட்டியில் முட்டி நிற்கும். முட்டியைக் கொஞ்சம் அழுத்தித் தாண்டி, அடியில் லேசாக அசைந்து நிற்பது எதுவோ அதுதான் அளவு. இந்த ஊர்ப் புழுக்கத்தில் காலையில் சரியாக இருக்கும் மோதிரம் மாலையில் பிடிக்கும். பட்டை அகலமானால் இன்னும் பிடிக்கும். அதற்கு ஓர் அளவு கூட்ட வேண்டும். இதையெல்லாம் அவர் பேச்சாகச் சொல்லவில்லை. வளையத்தை மாற்றி மாற்றிப் போட்டு, "கையை மடக்குங்க, நீட்டுங்க" என்று மட்டும் சொன்னார். கடைசியில் ஓரம் மழுங்கிய வெறும் பட்டை, 4 கிராம் என்று முடிவாயிற்று. உள்பக்கம் அவள் பெயர்.

அந்த நான்கு கிராம் எனக்குச் சரியென்று படுவதற்குக் காரணங்கள் உண்டு. 916 என்று நாம் சொல்லும் 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், மிருதுவானது. செதுக்கு வேலையும் பூ வேலையும் பத்து வருஷத்தில் தேய்ந்து மழுங்கும். வெறும் பட்டை தேய்ந்தாலும் பட்டையாகவே இருக்கும். விரல் பருத்தால் ஆசாரி அதைத் தட்டிப் பெரிதாக்கலாம். சுற்றிலும் கல் பதித்ததை அப்படிச் செய்ய வழியில்லை. டைட்டானியம், டங்ஸ்டன் என்று இணையத்தில் விற்கும் மோதிரங்களை இளைஞர்கள் விரும்புகிறார்கள். அடிபட்டு விரல் வீங்கிப்போனால் ஆஸ்பத்திரியில் தங்க மோதிரத்தைச் சிறு கத்தரிக் கருவியால் நிமிஷத்தில் அறுத்துவிடுவார்கள். டைட்டானியம் அவ்வளவு சுலபத்தில் மசியாது, டங்ஸ்டனை நெரித்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எந்திரத்தில் கை வைக்கிறவன், வலை இழுக்கிறவன், லாரியிலிருந்து குதிக்கிறவன் எல்லோருக்கும் மோதிரம் ஆபத்து. கொக்கியில் மாட்டி விரல் சதையையே உரித்துக்கொண்டு போன விபத்துகளை அறுவை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னதை மோதிர விஷயத்தில் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம்.

பட்டறையில் செய்தாலும் முத்திரை முக்கியம். 2 கிராமுக்கு மேற்பட்ட நகைக்கு இன்று ஹால்மார்க் உண்டு. 2021 ஜூனில் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இல்லாமல் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். சின்னம், தரத்தைச் சொல்லும் எண், அந்த ஆறு இலக்கம் ஆகிய மூன்றும் மோதிரத்தின் உள்பக்கத்தில் இருக்கும். அக்கா மகள் எடுத்த மோதிரத்தில் அவற்றுக்குப் பக்கத்திலேயே அவள் பெயர் நிற்கிறது. ஆறு இலக்கத்தைக் கைபேசிச் செயலியில் தட்டி யாரும் சரிபார்க்கலாம். தங்கம் உண்மையா என்று சொல்ல அரசாங்கம் ஒரு வழி செய்திருக்கிறது.

மற்றதைச் சரிபார்க்கவும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி, கொடுப்பதும் வாங்குவதும் ஐந்தாண்டுக்குக் குறையாத சிறைக்குரிய குற்றம். மஹரை அந்தச் சட்டம் விலக்கியிருக்கிறது. யாரும் கேட்காமல் விரும்பிக் கொடுக்கும் பரிசுக்கும் விலக்கு உண்டு, ஆனால் நிபந்தனையோடு. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் தரும் பரிசு வழக்கத்தில் உள்ளதாக இருக்க வேண்டும், கொடுப்பவர் வசதிக்கு மீறியதாக இருக்கக் கூடாது, எழுத்தில் ஒரு பட்டியலில் ஏற வேண்டும். 1985-இல் வந்த விதிகள் அந்தப் பட்டியலை விவரிக்கின்றன. பொருள் என்ன, உத்தேச மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று எழுதி, மணமகனும் மணமகளும் கையெழுத்திட வேண்டும். மாப்பிள்ளை மோதிரம் அந்தப் பட்டியலில் வர வேண்டிய பொருள். நான் போன கல்யாணங்களில் மொய் நோட்டுக்கு ஒரு மேசையும் இரண்டு ஆளும் போட்டிருப்பார்கள். இந்தப் பட்டியலை ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

எழுதாததன் விலையைக் கேரளம் கொடுத்திருக்கிறது. 2021 ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் ஆயுர்வேத மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கணவன் வீட்டில் இறந்தாள். நூறு பவனும் நிலமும் காரும் கொடுத்து அனுப்பிய பெண். கார் பிடிக்கவில்லை என்பது கணவனின் குறை. அவன் மோட்டார் வாகனத் துறை அதிகாரி; அரசு அவனை வேலையிலிருந்து நீக்கியது, 2022 மே மாதம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. அந்தச் சாவையொட்டி 2021 ஜூலையில், ஆண் அரசு ஊழியர்கள் கல்யாணமான ஒரு மாதத்துக்குள் வரதட்சணை வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் மனைவி, தகப்பனார், மாமனார் கையெழுத்தும் வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2023 டிசம்பரில் இதே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படித்த ஓர் இளம் மருத்துவர், வரதட்சணைப் பேச்சில் கல்யாணம் நின்றுபோனதால் உயிரை விட்டார். படிப்பு இந்த நோயைத் தீர்க்கும் என்று நம்பியிருந்த மாநிலம் இது.

ஒரு பவன் மோதிரத்தில் போய் இதையெல்லாம் ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஏற்றத்தான் வேண்டும். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. 'மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரமாவது போடாமலா' என்பது யாருக்கும் உறுத்தாத வாக்கியம். மோதிரத்துக்கு எடை சொல்லியாகிவிட்டால் சங்கிலிக்கும் எடை சொல்லலாம். சங்கிலிக்குப் பிறகு வண்டி. 2020 ஆகஸ்டில் கேரளத்தில் பவன் 42,000 ரூபாயைத் தொட்டபோது மலைத்தோம். 2025-இல் அது இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. விலை ஏறியதற்காக எடையைக் குறைத்துக் கேட்ட மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

ஆற்றுகால் பகவதியைக் கண்ணகி என்றே இந்த ஊர் கொண்டாடுகிறது. பொங்கல் திருவிழாவின் பத்து நாளும் பந்தலில் தோற்றம்பாட்டில் அவள் கதையைப் பாடுகிறார்கள். கல்யாணம் பாடுவார்கள், கோவலன் கொலையும் பாடுவார்கள். லட்சக்கணக்கான பெண்கள் வெயிலில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் அந்த விழாவின் நடுவில் இருப்பது, கணவன் விற்கப் போன மனைவியின் நகை. வீடு நொடிந்தால் முதலில் கடைத்தெருவுக்குப் போவது அவள் பொன்தான். அன்றைக்குச் சிலம்பு, இன்றைக்கு அடகுக் கடை கவுண்டரில் வளையல். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த ஒரு வழக்கும் கேரளத்து வழக்குதான். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட 89 பவனைக் கல்யாணத்தன்று இரவே 'பத்திரமாக' வைப்பதாகச் சொல்லிக் கணவன் வாங்கித் தாயிடம் கொடுத்தான். பழைய கடனுக்குப் போய்விட்டது. ஸ்த்ரீதனம் முழுக்க முழுக்கப் பெண்ணின் சொத்து, கணவனுக்கு அதில் கூட்டுரிமை இல்லை என்று சொன்ன நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்தப் பெண் அதற்காக ஏறக்குறைய இருபது வருஷம் காத்திருந்தாள்.

ஆகவே மோதிரம் எடுக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மணமகனும் மணமகளும் சேர்ந்து கடைக்குப் போங்கள். இரண்டு மோதிரத்தையும் ஒரே எடையில் எடுங்கள். அவள் மோதிரத்துக்கு அவன் பணம் கொடுக்கட்டும், அவன் மோதிரத்துக்கு அவள் கொடுக்கட்டும்; வேலையில்லாத பெண்ணானால் இரண்டுக்கும் அவன் கொடுக்கட்டும். மாமனார் பணம் அதில் சேர வேண்டாம். பெயரைப் பொறித்துக்கொள்ளுங்கள். பரிசாக வந்தவற்றுக்கு அன்றைக்கே பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், ஒரு பிரதி பெண்ணிடம் இருக்கட்டும். வேலைக்குக் கழற்றுகிறவர் வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் போட்டுக்கொள்ளட்டும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நிச்சயப் பேச்சில் மாப்பிள்ளை மோதிரம் எத்தனை பவன் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். எழுந்து வந்துவிடுங்கள்.